திருப்பூர் மாநகராட்சியின் 2011 மேயர் தேர்தல்: விரிந்த எல்லையும் நேரடி வாக்கும்

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் திருப்பூர் மாநகர வாக்காளர்கள் இரு வாக்குகளை அளித்தனர். ஒன்று வார்டு உறுப்பினருக்கு, மற்றொன்று மேயருக்கு. அ.இ.அ.தி.மு.க. வேட்பாளர் அ. விசாலாட்சி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய தமிழகத்தின் பத்து மாநகராட்சிகளையும் அக்கட்சியே கைப்பற்றியதால், திருப்பூரின் முடிவு அப்பெருவெற்றியின் ஒரு வரியாகவே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. ஆனால் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு திருப்பூருக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை. அடுத்து நடந்த 2022 தேர்தலிலும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாக்கு எத்தகைய நகரத்தில், எத்தகைய பதவிக்காக அளிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1917இல் தோன்றிய திருப்பூர் நகராட்சி 2008இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இதற்கெனத் தனித் தேர்தல் நடத்தப்படவில்லை. 2006இல் மறைமுகத் தேர்தல் வழி நகர்மன்றத் தலைவரான தி.மு.க.வின் க. செல்வராஜ் முதல் மேயரானார். நகர்மன்றம் மாமன்றமாயிற்று, எல்லை மாறவில்லை. எனவே சட்டப்படி மாநகராட்சி 2008இல் பிறந்ததெனினும், மாநகரம் என்ற வாக்காளர் திரள் 2011இல்தான் உருவாயிற்று எனக் கொள்வதே பொருந்தும்.

எல்லையும் வார்டும்

2011 தேர்தலை ஒட்டி வேலம்பாளையம், நல்லூர் ஆகிய நகராட்சிகளும் மண்ணரை, நெருப்பெரிச்சல், முத்தணம்பாளையம் முதலிய ஊராட்சிகளும் திருப்பூருடன் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு ஏறத்தாழ 159 சதுர கிலோமீட்டராயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் 4,44,352 பேரும், விரிந்த எல்லைக்குள் 8,77,778 பேரும் வாழ்ந்தனர். வார்டுகளோ 52இலிருந்து 60 ஆக மட்டுமே உயர்ந்தன. சராசரியாக ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 8,500 பேர் என்றிருந்த நிலை 14,600 பேர் என்றாயிற்று. மேயர் பதவியின் மதிப்பு உயர்ந்த அதே வேளையில், தெருக் குழாய்க்கும் சாக்கடைக்கும் மக்கள் அணுக வேண்டிய உறுப்பினர் அவர்களிடமிருந்து விலகிப் போனார்.

இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் நிலை தனியே நோக்கத்தக்கது. தமிழகத்தில் ஊராட்சித் தலைவர் மக்களால் நேரடியாகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆகவே நேரடி வாக்கு மண்ணரைக்கும் நெருப்பெரிச்சலுக்கும் புதிதன்று. பழைய நகரத்தாருக்கும் அது முற்றிலும் புதிதன்று. பின்னர் மேயர் தேர்தல் மறைமுகமானபோது, தங்கள் உள்ளாட்சித் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை இவ்வூர்கள் முற்றாக இழந்தன. இணைப்பால் ஊர்கள் பெற்றவையும் இழந்தவையும் பேசப்படும் இடங்களில் இவ்விழப்பு கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

தொழில் நோக்கில் இவ்விணைப்பு காலந்தாழ்ந்த ஒன்று. பின்னுதல், சாயமிடுதல், கட்டிங், தையல், செக்கிங் என ஒரு பனியன் உருவாகும் படிநிலைகள் நகராட்சி எல்லைக்குள் ஒருபோதும் அடங்கியிருந்ததில்லை. 1995இல் அமைக்கப்பட்ட நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம், தொழிலகங்களையும் நகரையும் சுற்றுவட்ட ஊர்களையும் ஒரே பகுதியாகக் கொண்டு, நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீர் வழங்கும் திட்டத்தை வகுத்தது. தண்ணீர்க் குழாய் கண்ட திருப்பூரை வாக்காளர் பட்டியல் பல ஆண்டுகள் கழித்தே கண்டது. அதுவும் முழுமையாக அன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வாழும் இடத்தில் எண்ணுகிறது. தேர்தலோ அவர் பெயர் பதிவான இடத்தில் எண்ணுகிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைப்போருள் சொந்த ஊரிலேயே வாக்கை வைத்திருப்பவர்கள் நகரின் மக்கள்தொகையில் இருப்பர், மேயரைத் தேர்ந்தெடுத்தவர்களுள் இரார்.

மேயரின் கைக்கு எட்டாதவை

தேர்தல் நடந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நகரம் நிலைகுலைந்திருந்தது. நொய்யல் மாசு தொடர்பான வழக்கில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாதிருக்க வேண்டும் என்ற முந்தைய ஆணை நிறைவேற்றப்படாமையால், சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. சாயமேற்றும் வேலை பிற ஊர்களுக்குச் சென்றது. நகரின் வாழ்வாதாரத்தை உலுக்கிய இச்சிக்கலில் முடிவெடுக்கும் இடங்கள் நீதிமன்றம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநில அரசு ஆகியனவே. மாமன்றத்திற்கு அதில் அதிகாரம் இல்லை.

மாநகராட்சிக்குரிய பணிகளிலும் நிருவாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே உள்ளது. 1981ஆம் ஆண்டின் கோயம்புத்தூர் மாநகராட்சிச் சட்டமே திருப்பூருக்கும் விரித்துப் பொருத்தப்பட்டது. அதன் அமைப்பில் மேயர் மாமன்றத்திற்குத் தலைமை ஏற்பவர், செயல்படுத்துபவர் ஆணையர். மாநகரம் முழுவதன் வாக்கையும் நேரடியாகப் பெற்ற ஒருவருக்கு அவ்வாக்கிற்கு ஈடான அதிகாரம் சட்டத்தில் இல்லை என்பதே இத்தேர்தலின் அடிப்படை முரண்.

நேரடி முறையும் நிலைக்கவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அரசமைப்பின் 243ஆர் பிரிவு மாநிலச் சட்டமன்றத்திற்கே விட்டுள்ளது. 1996, 2001 தேர்தல்களில் தமிழக மேயர்கள் நேரடியாகவும், 2006இல் மறைமுகமாகவும், 2011இல் மீண்டும் நேரடியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2016இல் மறைமுக முறை சட்டமாயிற்று. 2018இல் நேரடி முறை திரும்பியது. 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகமானது. இடைப்பட்ட இவ்விரு மாற்றங்களுக்கிடையே ஒரு மாநகராட்சித் தேர்தலும் நடக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் நிறுத்தியது. அம்மாதமே விசாலாட்சி தலைமையிலான மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என 243யு பிரிவு கூறினும், ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலரே திருப்பூரை ஆண்டார்.

2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வார்டுகள் அதே 60. வாக்காளர்கள் இம்முறை உறுப்பினருக்கு மட்டும் வாக்களித்தனர். மார்ச் 4 அன்று மாமன்றக் கூட்டத்தில் தி.மு.க.வின் ந. தினேஷ்குமார் மேயராகவும், கூட்டணிக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரா. பாலசுப்பிரமணியம் துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.