வேலை உரிமைச் சட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

வேலை உரிமைச் சட்டம் என்பது, தொழிற்சங்கத்தில் சேர்வதையோ அதற்குச் சந்தா அல்லது கட்டணம் செலுத்துவதையோ வேலைக்கான நிபந்தனையாக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்யும் சட்டம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் 26 மாநிலங்களில் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. பெயர் இவ்வாறு இருப்பினும், இச்சட்டம் எவருக்கும் வேலை கிடைக்கும் என உறுதியளிப்பதில்லை. இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு குறிப்பிடும் வேலை பெறும் உரிமை இதனின்றும் வேறானது.

பின்னணி

ஒரு பணியிடத்தின் பெரும்பான்மைத் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் சங்கமே அங்குள்ள அனைவருக்கும் ஒரே பிரதிநிதி என 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் வகுத்தது. அச்சங்கம் கூட்டுப் பேரத்தின் மூலம் பெறும் ஊதியமும் பணி நிபந்தனைகளும் உறுப்பினர் அல்லாதோருக்கும் பொருந்தும்.

கறுப்பினத் தொழிலாளரை உறுப்பினராக ஏற்காத தொடர்வண்டித் தொழிற்சங்கம் ஒன்று, அவர்களை வேலையிலிருந்து ஒதுக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. இது தொடர்பான வழக்கில், அனைவருக்காகவும் பேசும் சங்கம் அனைவரையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என 1944இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கடமை பின்னர் பிற தொழில்களுக்கும் விரிந்தது.

ஒப்பந்த வகைகள்

* மூடிய பணியிடம்: ஏற்கனவே சங்க உறுப்பினராக உள்ளவரை மட்டுமே வேலைக்கு அமர்த்தலாம்.
* சங்கப் பணியிடம்: எவரையும் அமர்த்தலாம், ஆனால் அவர் குறிப்பிட்ட காலத்துக்குள், வழக்கமாக 30 நாட்களில், சங்கத்தில் சேர வேண்டும்.
* கட்டணப் பணியிடம்: சங்கத்தில் சேர வேண்டியதில்லை, கட்டணம் மட்டும் செலுத்த வேண்டும்.

குடியரசுத் தலைவர் ட்ரூமனின் மறுப்பை மீறி 1947இல் நிறைவேறிய டாப்ட்-ஹார்ட்லி சட்டம், மூடிய பணியிடத்தைத் தடை செய்தது. மற்ற இரு வகைகளையும் தடை செய்ய மாநிலங்களுக்கு அதன் 14(ஆ) பிரிவு இடமளித்தது. சட்டம் கோரக்கூடிய "உறுப்பினர் நிலை" என்பது கட்டணம் செலுத்துவது மட்டுமே என 1963இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மறுப்புத் தெரிவிக்கும் உறுப்பினர் அல்லாதோரிடம் பிரதிநிதித்துவச் செலவுக்கான பங்கை மட்டுமே பெறலாம் என 1988இல் தீர்ப்பளித்தது. எனவே இன்றைய சர்ச்சை கட்டாய உறுப்பினர் நிலை பற்றியது என்பதைவிடக் கட்டாயக் கட்டணம் பற்றியது எனலாம்.

மாநிலங்களில்

புளோரிடாவும் ஆர்கன்சாவும் 1944இலேயே இவ்விதியை ஏற்றன. இந்தியானா 1957இல் இயற்றிய சட்டத்தை 1965இல் நீக்கி, 2012இல் மீண்டும் இயற்றியது. மிசூரியில் 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தை 2018இல் வாக்காளர்கள் நிராகரித்தனர். மிச்சிகன் 2012இல் இயற்றிய சட்டத்தை 2023இல் நீக்கியது; இந்நீக்கம் 2024இல் நடைமுறைக்கு வந்தது.

அரசு ஊழியரிடம் கட்டாயக் கட்டணம் பெறுவது பேச்சுரிமைக்கு முரணானது என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். தொடர்வண்டி, வானூர்தித் துறைகள் தனிக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநில வேலை உரிமைச் சட்டங்கள் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

வாதங்கள்

ஆதரவாளர்கள், தாம் விரும்பாத அமைப்புக்குப் பணம் தர மறுப்பவர் வேலையை இழக்கலாகாது என்கின்றனர். சந்தா விருப்பத்துக்குரியதாக இருந்தால்தான் சங்கம் தொழிலாளருக்குப் பொறுப்புடன் நடக்கும் என்பதும் அவர்கள் வாதமாகும்.

எதிர்ப்பாளர்கள், பயன் அனைவருக்கும் கிடைக்கையில் செலவைச் சிலர் மட்டும் சுமப்பது நியாயமன்று என்கின்றனர். இதனால் சங்கம் வலுவிழந்து ஊதியம் குறையும் எனவும் கூறுகின்றனர். மார்ட்டின் லூதர் கிங் 1961இல் இச்சட்டங்களைக் கடுமையாக எதிர்த்தது குறிப்பிடத்தக்கது.

சங்கம் தன் உறுப்பினருக்காக மட்டும் பேசலாம் என்பது மாற்று யோசனையாகும். அவ்வாறாயின் ஒரே வேலைக்கு இரு வேறு ஊதியங்கள் ஏற்படலாம். உறுப்பினர் அல்லாதோருக்குச் சலுகை அளித்து முதலாளி சங்கத்தைக் கரைக்கவும் கூடும். பெரும்பான்மைச் சங்கமே ஒரே பிரதிநிதி என்ற 1935ஆம் ஆண்டு விதி நீடிக்கும்வரை, அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் நீடிக்கும்.