ஊர் கூடி உரைக்கும் சொல்

ஓரூரில் அனல் மின்நிலையம் புகைகிறது. தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் அதனால் விளக்கு எரிகிறது. ஒரு மலையைக் குடைந்து உலோகம் எடுக்கிறார்கள்; அம்மலையை ஒரு நாளும் கண்டிராதவர் வீட்டில் அது பாத்திரமாகப் புழங்குகிறது. நன்மை ஒருவர் பங்காகவும் தூசியும் நோயும் மற்றொருவர் பங்காகவும் பிரிந்து விடுவது முறையா என்னும் கேள்வி இங்கே எழுகிறது. சுற்றுச்சூழல் நீதி என்று இன்று வழங்கும் சொற்றொடரின் பொருள் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. காற்றையும் நீரையும் காப்பது அதன் ஒரு பாதி. இழப்பைச் சுமக்கப்போகும் மக்களை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும் என்பது மறு பாதி.

கேட்டறிவதற்கு நம் நாட்டுச் சட்டம் இருவகைக் கூட்டங்களுக்கு இடம் தந்திருக்கிறது. ஒன்று, காட்டு நிலங்களைச் சார்ந்து வாழும் மக்களின் கிராம சபை. மற்றொன்று, பெருந்தொழில் திட்டங்களுக்கு முன்னர் நடைபெறும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றினும் இவ்விரண்டின் ஆற்றலும் வேறு வேறு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறி, ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அருகிலேயே பெரும்பாலும் வாழ்ந்து வரும் நம்மவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

முதலாவதற்கு ஒடிசா மாநிலத்து நியாம்கிரி மலை தக்க சான்று. ராயகடா, களாஹண்டி ஆகிய இரு ஜில்லாக்களின் எல்லையில் அமைந்த அம்மலைத்தொடரில் டோங்ரியா கோந்த் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். குவி என்பது அவர்கள் பேசும் மொழி. மலையின் அதிபதியாக நியாம் ராஜா என்னும் தெய்வத்தை அவர்கள் வணங்குகின்றனர். மலையுச்சியில் அலுமினியத்துக்கு மூலப்பொருளாகிய பாக்சைட் படிந்து கிடக்கிறது. அப்படிவம் மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுகக் கசியவிடுவதால் ஓடைகள் வற்றாமல் ஓடுகின்றன என்பது மலைவாழ் மக்களின் அனுபவ அறிவு. ஆகவே உச்சியை வெட்டுவது தங்கள் கோயிலை இடிப்பதும் நீரூற்றை அடைப்பதும் ஆகும் என்று அவர்கள் வாதிட்டனர்.

மலையடிவாரத்தில், லாஞ்சிகட் என்னுமிடத்தில், வேதாந்தா நிறுவனத்தின் ஆலை முன்னரே எழுந்துவிட்டது. சுரங்கத்துக்கு அனுமதி தர 2010ஆம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. ஒடிசா சுரங்கக் கழகம் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, சமய, பண்பாட்டு உரிமைகள் உள்ளிட்ட கோரிக்கைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஜில்லா நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அதிகாரி ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மலையிலே ஊர்கள் பல இருக்க, 12 ஊர்களை மட்டுமே மாநில அரசாங்கம் தேர்ந்தெடுத்தது: ராயகடாவில் 7, களாஹண்டியில் 5. இது போதாது என்று மற்ற ஊரார் குறை கூறினர். எனினும் கூட்டங்கள் நடைபெற்றன. 2013 ஜூலை 18 அன்று செர்கபாடியில் தொடங்கி ஆகஸ்டு 19 அன்று ஜார்பாவில் முடிவுற்றன. அவற்றுள் இஜுருபா என்னும் சிற்றூரில் வாழ்ந்தது ஒரே குடும்பம். அக்குடும்பமும் வேண்டாம் என்றது. ஏனைய 11 ஊர்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்ட வேண்டும் என்று மாநிலத் தரப்பு தொடுத்த மனுவை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது கூட்டத்தின் இலக்கணம். வன உரிமை விதிகளின்படி, கிராம சபை உறுப்பினருள் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவருள் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும். தண்ணீர் எடுத்து வருபவர், விறகு பொறுக்குபவர் பெரும்பாலும் பெண்களே ஆதலின், அவர்கள் இல்லாத சபையின் சொல் அரைகுறைச் சொல்லே என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

இனி இரண்டாம் வகைக் கூட்டத்தைப் பார்ப்போம். 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசாங்கம் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்கு அடிப்படை. சில வகைத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்குக் கூட்டம் நடைபெறுமுன் பொதுமக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து விளம்பரம் செய்தல் வேண்டும். நாடளாவிய பத்திரிகை ஒன்றிலும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அது வெளிவரும். பத்திரிகை எட்டாத ஊர்களில் பறையறைந்தும் வானொலி, தொலைக்காட்சி வாயிலாகவும் அறிவிக்கலாம் என்று அறிவிக்கையே கூறுகிறது. திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகம் முதலிய இடங்களில் அறிக்கையைப் பார்வையிடலாம்.

கூட்டத்துக்குக் கலெக்டரோ, கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நடவடிக்கை முழுவதும் படம் பிடிக்கப்படும். இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்னும் நியதி கிடையாது; பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டமே. அங்கிருப்போர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை வட்டார மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைய தினமே தலைமை அதிகாரி ஒப்பமிட வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் அவசியம். இக்கூட்டம் வாக்கெடுப்பு அன்று. ஆயிரம் பேர் கை தூக்கினாலும் அது திட்டத்தைத் தானாக நிறுத்திவிடாது. எழுப்பப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்குத் தரப்பட்ட விடைகளையும் நிபுணர் குழு ஆராயும். அனுமதியை அளிப்பதும் மறுப்பதும் அதன் பிறகே. ஆகவே முழக்கத்தைவிடப் பதிவான கேள்விக்கு மதிப்பு மிகுதி. "எங்கள் ஊரைக் கெடுக்காதீர்" என்பது உணர்ச்சி, அதற்கும் இடமுண்டு. "கழிவுநீர் எந்த ஓடையில் விழும்? கோடையில் ஆலைக்கு நீர் எங்கிருந்து வரும்? சாம்பலை எங்கே கொட்டுவீர்கள்?" என்பவை விடை கோரும் கேள்விகள். விடை தராமல் ஒதுக்கிச் சென்றால், அந்தக் குறையே பின்னர் வழக்குக்கு ஆதாரமாகும். அனுமதி ஆணையை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் இடம் தரும்.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவக்கூடும். பங்கு இருவழியில் உண்டு. பாதிப்புக்குள்ளாகும் பகுதியில் குடியிருப்பவர் எம்மொழியினராயினும் அப்பகுதி மக்களே. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சென்று அவர்கள் பேசலாம். மேலும், நேரில் வர இயலாத, ஆனால் நியாயமான தொடர்புடைய பிறர் எழுத்து மூலம் கருத்து அனுப்பவும் அறிவிக்கை வழி செய்கிறது. சொந்த ஊரில் நிலமும் பெற்றோரும் இருக்க, தாம் மட்டும் மும்பையிலோ சூரத்திலோ வேலை பார்ப்பவர் தம் ஊர்த் திட்டத்தைப் பற்றி எழுதியனுப்பலாம்.

மொழியே பெருந்தடை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. சுருக்க அறிக்கை மராத்தியிலோ குஜராத்தியிலோ இருக்கும். படிக்கத் தெரியாதவர் பேசாமல் வீடு திரும்புவார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதில் ஒன்றை அறிவோம். இத்தகைய அறிக்கைகளில் 'தணிப்பு நடவடிக்கை', 'தாங்கு பசுமை வளையம்' போன்ற தொடர்கள் அழகாகவே அமையும். மரம் எத்தனை, எவ்விடம், நீரூற்றுபவர் யார் என்று கேட்கும் வரையில் அவற்றுக்குப் பொருள் ஏற்படுவதில்லை. ஆதலின் தொண்டர்கள் ஆற்றக்கூடிய முதற்பணி, கூட்டத்துக்கு முந்திய 30 நாளில் அந்த அறிக்கையை எளிய தமிழில் சொல்லிக் காட்டுவதே. தமிழ்ச் சங்கத்து மண்டபமோ, கோயில் வெளிப்பிராகாரமோ அதற்குப் போதும். அண்டை வீட்டு மராத்தியரையும் வடநாட்டுத் தொழிலாளரையும் உடன் அழைத்துக்கொண்டால் கேள்விகள் இன்னும் கூர்மையாகும். புகைக்கு மொழி கிடையாதல்லவா?

ஒரே குடும்பம் வாழ்ந்த இஜுருபாவுக்கும் நீதித்துறை அதிகாரி ஒருவர் சென்று அமர்ந்து கேட்டார். கேட்கும் கடமையைச் சட்டம் அதிகாரிகள்மீது சுமத்தியிருக்கிறது. சொல்வதற்குரியதை ஆயத்தம் செய்து கொண்டு சபைக்குச் செல்வது மக்களின் கடமை.