மச்சினனுக்கு வாங்கிய நிழல்

மேற்கு சிட்னி வெயில் சாதாரணம் இல்லை. 2020 ஜனவரி 4-ல் பென்ரித்தில் 48.9 டிகிரி! அங்கேதான் வீடு வீடாகப் போய் கார் கழுவி பாலிஷ் போடும் தொழிலை என் மச்சினன் ஆரம்பித்திருக்கிறான். கொதிக்கிற பானட்டில் நுரை காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். ஆகவே, மடக்குக் கூடாரம்.

"மூணுக்கு மூணு மீட்டர் போதும் மாமா, விலை கம்மி" என்றான். செடான் காரே நாலரை மீட்டர் வருமேப்பா! ஆறு மீட்டர் கூடாரத்தை ஒற்றை ஆள் விரிப்பது கஷ்டம். அதனால் 3-க்கு 4.5. துணி வெள்ளைதான், நீலத் துணிக்கு அடியில் பெயின்ட்டின் உண்மை நிறம் தெரியாது.

எனக்குப் பயம் காற்றுதான். கான்கிரீட் தரையில் முளை அடிக்க முடியாது. கூடாரம் நகர்ந்து வாடிக்கையாளர் கதவில் கோடு போட்டால் சம்பாதித்ததெல்லாம் போச்சு. நாலு காலுக்கும் எடைப்பைகள் வாங்கிய பிறகு மீதிக் காசுக்குத்தான் கூடாரம் என்று சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே வாங்கினான்.