பில் கணினியில் டேட்டாபேஸை அடியோடு நீக்கும் முறை

ஏற்காட்டிலும் சேலத்திலும் நம் கடைகள் பலவற்றில் பில், இருப்பு, பாக்கி எல்லாம் இன்று கணினியில்தான். பில் புரோகிராமைக் கல்லா என்று வைத்துக்கொண்டால், அதன் பின்னால் கணக்கைக் காக்கும் டேட்டாபேஸ் சர்வர்தான் குடோன். பல புரோகிராம்களில் இந்த வேலையைச் செய்வது மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருள்.

கோடை இடியிலும் மின்தடையிலும் கணினி திடீரென நின்றால் இது பழுதாவதுண்டு. நீக்கிவிட்டு மறுபடி போட்டாலோ பழைய பாஸ்வேர்டைக் கேட்டு அடம் பிடிக்கும். அல்லது துவங்கவே துவங்காது. கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கும்போது பெரும்பாலும் புரோகிராம் மட்டுமே போகிறது. கணக்கும் பாஸ்வேர்டும் உள்ள போல்டர் அப்படியே தங்கிவிடுகிறது. தண்டுத் துளைப்பான் கண்ட காப்பிச் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பது நம் மலைத் தோட்டங்களின் வழக்கம். இங்கும் வேர் வரை போகவேண்டும். ஆனால் இந்த வேரில்தான் நம் கணக்கும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டிய முறை:

1. முதலில் பேக்கப். பில் புரோகிராம் திறக்குமானால் அதிலேயே பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். வேறு கணினியில் அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2. விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து மைஎஸ்க்யூஎல்லை நிறுத்துங்கள். அதன் முழுப் பெயரையும், பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. சி டிரைவில் 'புரோகிராம் டேட்டா' என்ற போல்டர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மறைந்தவற்றைக் காட்டும்படி செய்து, அதனுள் உள்ள மைஎஸ்க்யூஎல் போல்டர் முழுவதையும் பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். பேக்கப் எடுக்க முடியாதவர்களுக்கு இதுவே கடைசித் துணை. சில பைல்கள் மட்டும் போதாது.

4. கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் பெயரில் உள்ளவற்றை நீக்குங்கள்.

5. 'புரோகிராம் டேட்டா'விலும் 'புரோகிராம் பைல்ஸ்'சிலும் மிஞ்சிய மைஎஸ்க்யூஎல் போல்டர்களை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

6. சர்வீசஸ் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'எஸ்சி', 'டெலீட்', குறித்து வைத்த பெயர் மூன்றையும் இடம் விட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள். பின் கணினியை ஒருமுறை நிறுத்தித் துவக்குங்கள்.

7. முன்பிருந்த அதே பதிப்பைப் போடுங்கள். வழக்கமான போர்ட் எண் 3306. பேக்கப்பை ஏற்றியபின் நேற்றைய இருப்பையும் நாலைந்து பாக்கிதாரர் கணக்கையும் ஒத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியான பிறகும் பழைய போல்டரைச் சில மாதம் வைத்திருப்பதே நல்லது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது கணினி கெட்டுவிட்டது என்றால் எடுபடாது. பாக்கிக் கணக்கு போனாலோ வரவேண்டிய பணமும் போனதுதான்.

மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டியும், மே மாத சீசன் கூட்டத்திலும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆள் வைத்துச் செய்தாலும் முதல் மூன்று படிகள் முடிந்தனவா என்று நாமே பக்கத்தில் நின்று பார்ப்போம். தினமும் கடை சாத்தும்போது கல்லாவைப் பூட்டுவதுபோல் பேக்கப் எடுத்துவிட்டால், இத்தனை பாடும் பாதியாகும்.