புகலிடமும் பக்கத்து ஊரும்

வன உயிர்ப் பாதுகாப்பு குறித்த சொல்லாடலில் மனிதர்களுக்கு இரண்டே வேடங்கள்: வேட்டைக்காரர், புரவலர். முன்னவர் கறுப்பர், பின்னவர் வெள்ளையர். இந்த எதிர்வைக் கட்டுடைக்காமல் மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கான எந்தப் புகலிடத்தையும் ஆதரிக்க முடியாது என்பது என் வாதம். சியரா லியோனின் டக்குகாமா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கையில் பிறந்து அந்நாட்டில் குடியேறிய பாலா அமரசேகரன் 1988இல் மனைவியோடு ஒரு சிம்பன்சிக் குட்டியை விலைக்கு வாங்கினார். இருபது டாலர். அதற்கு புரூனோ என்று பெயர். அதிலிருந்து கிளைத்ததுதான் 1995இல் ஃப்ரீடவுனையொட்டிய மலைக்காட்டில் தொடங்கப்பட்ட டக்குகாமா. உள்நாட்டுப் போரையும் (1991-2002) எபோலாவையும் தாண்டி அதைக் காப்பாற்றியவர்கள் உள்ளூர்ப் பராமரிப்பாளர்கள். ஆக, அந்த எதிர்வுக்குள் இந்தக் கதை அடங்க மறுக்கிறது.

சந்தைக்கு வரும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் சுடப்பட்ட ஒரு தாய் இருக்கிறது. நாலைந்து வருஷம் பால் கொடுக்கிற தாய் குட்டியைச் சும்மா விட்டுத்தருமா? குறுக்கே வந்த மற்றவையும் சாகின்றன. சரி, வளர்ந்ததும் காட்டிலேயே விட்டுட வேண்டியதுதானேன்னு கேட்கலாம். காட்டில் எதைத் தின்பது, யாருக்கு அஞ்சுவது என்பதெல்லாம் தாயிடம் கற்பவை. அந்நிய சிம்பன்சியைக் காட்டுக் கூட்டம் கொன்றுவிடக்கூடும். மனித வாடைக்குப் பழகியது மறுபடியும் வயலுக்குத்தான் வரும். ஆகவே புகலிடம் என்பது ஐம்பது வருஷப் பொறுப்பு. ஒருநாள் இரக்கம் போதாது.

இங்கேதான் சிக்கல். ஆப்பிரிக்கனையும் வாலில்லாக் குரங்கையும் அடுத்தடுத்து நிறுத்தி அளந்தது காலனிய இனவாத அறிவியல். இன்று அதே நிலத்தில் குரங்குக்குப் பாலும் பழமும் தந்து, பக்கத்து ஊருக்குத் தடைச் சட்டத்தை மட்டும் தருகிற கருணை அந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். கரிக்கு மரம் வெட்டுகிறவரிடம் 'வெட்டாதே' என்பது சுலபம். அடுப்புக்கும் வயிற்றுக்கும் மாற்று என்ன?

காட்டையும் ஊரையும் எதிரெதிரே நிறுத்துவதே பொய். ஃப்ரீடவுன் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இந்தத் தீபகற்பக் காட்டு மலைகளிலுள்ள குமா அணையிலிருந்து வருகிறது. 2017 ஆகஸ்ட் 14 அன்று ரீஜென்ட் பகுதியில் மலை சரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெருமழையோடு, மரமிழந்த சரிவுகளில் வீடுகள் ஏறியதும் காரணம். காட்டை விற்றவர் வேறு, மண்ணுக்கடியில் போனவர் வேறு. இந்த வர்க்க உண்மையை 'மனிதனின் பேராசை' என்ற பொதுச்சொல் மூடிவிடுகிறது.

2006இல் புரூனோ உட்பட 31 சிம்பன்சிகள் வேலியைத் தாண்டின. உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் தாக்கிக் கொல்லப்பட்டார். பெரும்பாலானவை திரும்பின, புரூனோ திரும்பவில்லை. தப்பிய புரூனோவைப் பற்றிக் காவியத் தொனியில் கதைகள் புழங்குகின்றன. அவற்றில் அந்த ஓட்டுநர் ஓர் உபபாத்திரம். அந்தக் குடும்பத்தின் கண்ணிலிருந்து கதையை வாசிக்காத விலங்கு நேசத்தை நான் நம்பமாட்டேன்.

சியரா லியோன் 2019இல் சிம்பன்சியைத் தேசிய விலங்காக அறிவித்தது. ஆனால் 2025 மே மாதம், காட்டு நிலம் ஆக்கிரமிக்கப்படுவதை எதிர்த்து டக்குகாமா பார்வையாளர்களுக்குக் கதவை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் உள்ளே இருக்க, சுற்றுலா வருமானத்தை இழந்து செய்யப்பட்ட மறியல் அது. தேசியச் சின்னம் காகிதத்தில்; காடு ரியல் எஸ்டேட்காரர் கையில்.

எதை ஆதரிப்பது? சட்டை போட்ட சிம்பன்சியின் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவதையல்ல. அந்த ரசனைதான் அடுத்த குட்டிக்கு விலை வைக்கிறது. பராமரிப்பாளரின் மாதச் சம்பளத்தை, பக்கத்து ஊரின் பள்ளியை, தேன்கூட்டை, விறகு குறைவாகத் தின்னும் அடுப்பை. எந்தப் புகலிடம் கைநீட்டினாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: வேலிக்கு வெளியே இருக்கிறவங்களுக்கு இதில் என்ன பங்கு? பதில் இருந்தால் கொடுங்கள். ஒருமுறை அல்ல, வருஷா வருஷம்.