விடுபட்ட தரவுகளிடையே செல்லத்தக்க மதிப்புகளை எண்ணுதல்

விடுபட்ட தரவுகளிடையே செல்லத்தக்க மதிப்புகளை எண்ணுதல் என்பது, ஓர் அட்டவணையைக் கணினி நிரல் மூலம் மறுவடிவமைத்துச் சுருக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள விடை உண்மையில் எத்தனை அளவீடுகளிலிருந்து பெறப்பட்டது என்பதைக் கணக்கிடும் முறையாகும். மழையளவு, காற்றுத்தரம், மாணவர் மதிப்பெண், மக்கள் கணக்கெடுப்பு என எந்தத் தரவிலும் சில பதிவுகள் விடுபட்டிருக்கும். கூட்டுத்தொகையோ சராசரியோ காணும்போது அந்த வெற்றிடங்கள் மறைந்துவிடுகின்றன. விடை மட்டும் முழுமையானதுபோல் நிற்கிறது. எண்ணிக்கையை உடன் வைத்தால்தான் அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

நான்கு வெவ்வேறு செய்திகள்

தொடக்க நிலையில் பலரும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்பவை நான்கு.

1. எதிர்பார்க்கும் எண்ணிக்கை: நாட்காட்டியின்படி இருக்கவேண்டிய அளவீடுகள். நாளுக்கு ஒரு மழைப்பதிவு என்றால் நவம்பருக்கு 30, டிசம்பருக்கு 31.
2. வரிசைகளின் எண்ணிக்கை: கோப்பில் அந்த நிலையத்தின் பெயரில் உள்ள கிடைவரிசைகள். மதிப்பு காலியாக இருந்தாலும் வரிசை உண்டு.
3. செல்லத்தக்க மதிப்புகளின் எண்ணிக்கை: உண்மையில் அளந்து எழுதப்பட்ட மதிப்புகள்.
4. சுழியம்: இதுவும் ஒரு செல்லத்தக்க மதிப்பே. மழைமானியைப் பார்த்து, மழை இல்லை என்று எழுதியது சுழியம். பார்க்கவே இல்லை என்றால் அது விடுபட்ட மதிப்பு.

தேர்வு எழுதிச் சுழியம் வாங்கிய மாணவரும் தேர்வுக்கு வராத மாணவரும் ஒன்றல்லர். மதிப்பெண் பட்டியலில் ஒருவருக்கு 0 என்றும் மற்றவருக்கு 'வரவில்லை' என்றும் எழுதுவது இதனால்தான்.

தாம்பரம் தரும் எடுத்துக்காட்டு

இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள் மழையளவைக் காலை 8.30 மணிக்குக் கணக்கிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றில் வெள்ளம் பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட பகுதிகள் நீரில் மூழ்கின. சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது.

இந்த நான்கு மதிப்புகளின் கூட்டுத்தொகை 160. சராசரி 40 செ.மீ. இப்போது ஒரு கற்பனை: அன்று தாம்பரத்தின் பதிவு மட்டும் வந்து சேரவில்லை என்று கொள்வோம். நிரல் அந்த வெற்றிடத்தைத் தவிர்த்துவிட்டால் சராசரி 111 ÷ 3 = 37 செ.மீ. வெற்றிடத்தைச் சுழியமாக நிரப்பிவிட்டால் சராசரி 111 ÷ 4 = 27.75 செ.மீ. ஒரே ஒரு விடுபாட்டைக் கையாளும் விதத்தைப் பொறுத்து 9 செ.மீ.க்கும் மேல் வேறுபாடு வந்துவிடுகிறது. இரண்டில் எது கணக்கிடப்பட்டது என்பது இறுதி எண்ணைப் பார்த்தால் தெரியாது. 'செல்லத்தக்கவை: 3, எதிர்பார்த்தவை: 4' என்று பக்கத்தில் இருந்தால், ஒரு நிலையம் குறைகிறது என்பது உடனே தெரியும்.

தரவு எப்போது விடுபடுகிறது என்பதும் முக்கியம். பெருமழை நாளில்தான் மின்சாரம் நிற்கிறது, சாலை மூழ்குகிறது, கருவி பழுதாகிறது. அதாவது, மிகப் பெரிய மதிப்பு வரவேண்டிய நாளிலேயே பதிவு விடுபட வாய்ப்பு அதிகம். புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் 1976இல் எழுதிய கட்டுரை இத்தகைய விடுபாடுகளை முறைப்படி ஆராய்ந்தது. தற்செயலாக விடுபடும் தரவும், அளக்கவேண்டிய அளவையே சார்ந்து விடுபடும் தரவும் வேறானவை. இரண்டாம் வகையில், இருப்பவற்றை மட்டும் வைத்துக் காணும் சராசரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மழைநீர் வடிகாலின் அகலத்தையும் ஏரிக் கலங்கலின் அளவையும் இத்தகைய தரவை வைத்தே தீர்மானிக்கிறார்கள் என்பதால், இந்தச் சாய்வு தாளோடு நின்றுவிடும் பிழை அன்று.

மறுவடிவமைக்கும்போது நிகழ்வது

தரவு அட்டவணைகள் பொதுவாக இரு வடிவங்களில் இருக்கும். நீள் வடிவில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு வரிசை: நிலையம், நாள், மழையளவு. அகல் வடிவில் நிலையங்கள் கிடைவரிசைகளாகவும் நாள்கள் அல்லது மாதங்கள் நெடுவரிசைகளாகவும் இருக்கும். நீள் வடிவிலிருந்து அகல் வடிவுக்கு மாற்றும்போது பல அளவீடுகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால், அவற்றைக் கூட்டியோ சராசரி கண்டோ ஒன்றாக்க வேண்டும். விடுபாடுகள் கண்ணிலிருந்து மறையும் இடம் இதுவே.

பயிற்சிக்காக மூன்று கற்பனை நிலையங்களின் ஐந்து நாள் மழையளவை, மில்லிமீட்டரில், எடுத்துக்கொள்வோம்.

நிலையம் அ: 12, 0, காலி, 8, 0
நிலையம் ஆ: 20, காலி, காலி, 4 (ஐந்தாம் நாளுக்கு வரிசையே இல்லை)
நிலையம் இ: ஐந்து நாளும் காலி

சுருக்கிய அட்டவணை பின்வருமாறு அமையும்.

| நிலையம் | எதிர்பார்ப்பவை | வரிசைகள் | செல்லத்தக்கவை | கூட்டுத்தொகை | சராசரி |
|---|---|---|---|---|---|
| அ | 5 | 5 | 4 | 20 | 5 |
| ஆ | 5 | 4 | 2 | 24 | 12 |
| இ | 5 | 5 | 0 | கணிக்க இயலாது | கணிக்க இயலாது |

சராசரியை மட்டும் பார்த்தால் 'ஆ' நிலையத்தில் 'அ'வைவிட இரு மடங்குக்கு மேல் மழை. செல்லத்தக்கவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால், அந்த 12 என்பது இரண்டே நாள்களின் சராசரி. வரிசைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்தாலோ, எதுவுமே அளக்காத 'இ' நிலையம் ஐந்து பதிவுகளுடன் முழுமையாகத் தோன்றும்.

மென்பொருள்களின் இயல்புகள்

ஒவ்வொரு மென்பொருளும் விடுபாட்டைத் தன் வழியில் கையாள்கிறது. முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய வேறுபாடுகள் சில:

பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் 'சைஸ்' வரிசைகளை எண்ணும். 'கவுண்ட்' செல்லத்தக்க மதிப்புகளை மட்டும் எண்ணும். மேலுள்ள 'இ' நிலையத்துக்கு முதலாவது 5 என்றும் இரண்டாவது 0 என்றும் தரும். பாண்டாஸ் கூட்டும்போதும் சராசரி காணும்போதும் விடுபட்டவற்றைச் சொல்லாமலே தவிர்த்துவிடும். எல்லாமே விடுபட்டிருந்தால் கூட்டுத்தொகை 0 என்று வரும். இது மழையே இல்லாத ஊர்போல் தோன்றும். 'மின் கவுண்ட்' என்ற அளபுருவுக்கு 1 என்று கொடுத்தால், ஒரு மதிப்பாவது இல்லாதபோது விடையும் விடுபட்டதாகவே வரும்.

அதே நூலகத்தின் 'பிவட் டேபிள்' செயற்கூறு, வேறு எதுவும் சொல்லாவிட்டால் சராசரி காணும். முற்றிலும் காலியான விடைகளை நீக்கியும் விடும். ஆகவே 'இ' நிலையம் சராசரி அட்டவணையில் பெயர்கூட இல்லாமல் போகும். கூட்டுத்தொகை அட்டவணையில் 0 என்று நிற்கும். எண்ணிக்கை அட்டவணையிலும் 0 என்று நிற்கும். முதலாவது மறைக்கிறது, இரண்டாவது பொய் சொல்கிறது, மூன்றாவது மட்டுமே உண்மை சொல்கிறது.

ஆர் மொழி இதற்கு மாறானது. ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் சராசரி 'என்.ஏ.' என்றே வரும். விடுபட்டவற்றை நீக்குமாறு பயனர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அம்மொழியின் 'ரீஷேப்2' தொகுப்பில் உள்ள 'டிகாஸ்ட்', ஒரு கட்டத்துக்குப் பல மதிப்புகள் வரும்போது எந்தச் செயற்கூறும் தரப்படாவிட்டால் 'லெங்த்' என்பதைப் பயன்படுத்தும். அது காலியானவற்றையும் சேர்த்து எண்ணும். செல்லத்தக்கவற்றை எண்ண, ஒவ்வொரு மதிப்பையும் 'விடுபட்டதா?' என்று வினவி, 'இல்லை' என்பவற்றைக் கூட்டும் சிறு செயற்கூறை எழுதித் தரவேண்டும்.

எஸ்.கியூ.எல். மொழியில் 'கவுண்ட்' என்பதற்குள் உடுக்குறி இட்டால் எல்லா வரிசைகளும் எண்ணப்படும். நெடுவரிசையின் பெயரை இட்டால் காலியற்றவை மட்டும் எண்ணப்படும். எக்செல் விரிதாளில் 'கவுண்ட்' எண்களை மட்டும் எண்ணும். 'கவுண்ட்ஏ' எழுத்துகளையும் சேர்த்து எண்ணும்.

ஒப்பீடு செய்யும்போது இன்னொரு பொறி உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாள் 'மழைநாள்'. பாண்டாஸில் வழக்கமான எண் நெடுவரிசையில் காலி மதிப்பை 2.5உடன் ஒப்பிட்டால் 'பொய்' என்ற விடை வரும். அளக்காத நாள் மழையற்ற நாளாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆர் மொழியில் அதே ஒப்பீடு 'என்.ஏ.' தரும்.

மறைந்து நிற்கும் விடுபாடுகள்

விடுபாடு எப்போதும் காலியான கட்டமாக வருவதில்லை.

குறியீட்டு எண்கள்: இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டைச் சிறு சதுரங்களாகப் பிரித்து வெளியிடும் தரவுத்தொகுப்புகளில், மழை இல்லாத மதிப்பு -999 என்றும் வெப்பநிலை இல்லாத மதிப்பு 99.9 என்றும் குறிக்கப்படுகின்றன. படித்த உடனே இவற்றை 'விடுபட்டது' என்று மாற்றாவிட்டால், எண்ணிக்கையில் இவையும் செல்லத்தக்கவையாகச் சேரும். -999 எளிதில் கண்ணில் படும். 99.9 எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது.

எழுத்துக் குறிகள்: அளக்க முடியாத அளவுக்குச் சிறு தூறலைச் சில பதிவேடுகள் எழுத்தால் குறிக்கும். அது அளந்து பார்த்த பதிவு. எண்ணாக மாற்றும்போது அது காலியாகிவிட்டால், உள்ள பதிவொன்று இல்லாததாகிவிடும்.

இல்லாத வரிசைகள்: 'ஆ' நிலையத்தின் ஐந்தாம் நாள்போல வரிசையே இல்லாவிட்டால், எந்த எண்ணும் செயற்கூறும் அதைக் காணாது. எல்லா நிலையங்களும் எல்லா நாள்களும் உள்ள முழுச் சட்டகத்தை முதலில் அமைத்து, அதில் தரவைப் பொருத்த வேண்டும்.

மாறிய எல்லைகள்: 2015இல் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் செயல்பாட்டுக்கு வந்தபின் அதில் சேர்ந்தது. மாவட்டங்களைக் கிடைவரிசைகளாகவும் ஆண்டுகளை நெடுவரிசைகளாகவும் அமைத்தால், செங்கல்பட்டின் 2015 கட்டம் காலியாக இருக்கும். அங்கே யாரும் அளக்கத் தவறவில்லை. அந்தப் பெயரில் மாவட்டமே இல்லை. இதை விடுபாடு என்று எண்ணக்கூடாது. ஒரே எல்லையை எல்லா ஆண்டுகளுக்கும் பொருத்திய பிறகே எண்ண வேண்டும்.

எத்தனை இருந்தால் போதும்?

எண்ணுவதன் நோக்கம், விடையை ஏற்பதா விடுப்பதா என்று முடிவெடுப்பது. இதற்குச் சில அமைப்புகள் எல்லை வகுத்துள்ளன.

உலக வானிலை அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு மாதத்தில் 11 அல்லது அதற்கு மேற்பட்ட நாள்கள் விடுபட்டாலோ, தொடர்ந்து 5 நாள்கள் விடுபட்டாலோ மாதச் சராசரி கணிக்கக் கூடாது. மழைபோலக் கூட்டிக் காணும் அளவுக்கு விதி இன்னும் கடுமையானது: எல்லா நாள்களின் பதிவும் இருக்க வேண்டும்; அல்லது விடுபட்ட நாள்களின் மழை சேர்ந்து ஒரே அளவாகப் பதிவாகியிருக்க வேண்டும். காரணம் எளிது. ஒரு நாள் வெப்பநிலை விடுபட்டால் சராசரி சற்றே மாறும். 2015 டிசம்பர் 2 போன்ற ஒரு நாள் மழை விடுபட்டால் அந்த மாதத்தின் கணக்கே தலைகீழாகும்.

காற்றுத்தரத்திலும் இதே அணுகுமுறை உண்டு. ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி போன்ற இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தரக் குறியீட்டு முறைப்படி, 24 மணி நேரச் சராசரிக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும். குறியீட்டைக் கணிக்க, நுண்துகள்களில் ஒன்று உட்பட, குறைந்தது மூன்று மாசுகளின் தரவும் வேண்டும். 15 மணி நேரத் தரவே உள்ள நாளுக்கு விடை 'போதிய தரவு இல்லை' என்பதே. அதைச் சுழியமாக்கினால் அன்று காற்று மிகத் தூய்மையாக இருந்தது என்று பொருளாகிவிடும்.

பின்பற்றத்தக்க வரிசைமுறை

1. குறியீட்டு எண்களையும் எழுத்துக் குறிகளையும் முதலில் உரிய மதிப்பாக மாற்றுக.
2. இருக்கவேண்டிய எல்லா நிலையங்களும் நாள்களும் கொண்ட முழுச் சட்டகத்தை அமைத்துத் தரவைப் பொருத்துக.
3. கூட்டுத்தொகை அல்லது சராசரியுடன், செல்லத்தக்கவற்றின் எண்ணிக்கையையும் அதே மறுவடிவமைப்பில் பெறுக.
4. எண்ணிக்கை அட்டவணையின் வெற்றிடங்களைச் சுழியத்தால் நிரப்பலாம். 'அளவீடு எதுவும் இல்லை' என்பதற்கு 0 சரியான விடை. மழை அட்டவணையின் வெற்றிடங்களை அவ்வாறு நிரப்பக் கூடாது.
5. எண்ணிக்கையை எதிர்பார்க்கும் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டு, எல்லைக்குக் கீழ் உள்ள கட்டங்களைக் காலியாகவே விடுக.
6. அட்டவணையை வெளியிடும்போது இரு எண்களையும் சேர்த்தே வெளியிடுக.

நிரலில் இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுபவை ஓரிரு வரிகள்தான். அவை இல்லாவிட்டால், அளந்து பெற்ற சுழியத்தையும் அளக்காமல் விட்ட வெற்றிடத்தையும் அட்டவணையைப் படிப்பவர் பிரித்தறிய முடியாது.