நெட் ஸ்லோவா? பிளானை மாத்தாதீங்க... முதல்ல ஒயரைப் பாருங்க! ஓசூர் வீடுகளுக்கு ஒரு சிக்னல் கைடு

சிப்காட் கம்பெனிகளின் ஷிஃப்ட் பஸ்கள் கிளம்பும் நேரத்தில், ஓசூரில் இன்னொரு ஷிஃப்ட்டும் தொடங்கிவிடுகிறது. பெங்களூரு ஆபீஸுக்கு வீட்டிலிருந்தே லாக்-இன் செய்பவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஆன்லைன் கோர்ஸ் படிப்பவர்கள், டியூஷன் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் என எல்லோருக்கும் ஒரே ஆதாரம் வீட்டுக்கு வரும் அந்த ஒற்றை ஒயர்தான். மீட்டிங் நடுவே முகம் உறைந்து நின்றால், ‘பிளான் பத்தலை போல’ என்று மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டி அடுத்த பிளானுக்கு மாறிவிடுகிறோம். ஆனால் வீட்டுக்குள் வரும் சிக்னலே பலவீனமாக இருந்தால், 200 எம்பிபிஎஸ் பிளானும் அதே இடத்தில்தான் திக்கும். காசு போனதுதான் மிச்சம்!

வீட்டுக்கு வருவது எந்த ஒயர்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மோடத்தின் பின்னால் திருகி மாட்டும் தடித்த ஒயர், நடுவில் ஒற்றைக் கம்பி என்றால் அது டிவி கேபிள் வகை, அதாவது கோஆக்சியல். நூல் போல மெல்லிய ஒயர், முனையில் பச்சை அல்லது நீல நிற பிளக் என்றால் ஃபைபர். அகலமான பிளாஸ்டிக் கிளிப் உள்ளது என்றால் லேன் கேபிள்.

டிவிக்காகப் போட்ட கேபிளிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பும் ‘டாக்சிஸ்’ தொழில்நுட்பத்தின் முதல் விதிமுறை 1997-ல் வந்தது. இப்போது ஃபைபர் வேகமாகப் பரவினாலும், கேபிள் மோடத்தை நம்பியிருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வைஃபையா... லைனா?

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் மோடத்தில் நேரடியாக மாட்டி வேகத்தைப் பாருங்கள். வேகம் சரியாக வந்தால் குறை வைஃபையில். ரூட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, உயரமான, திறந்த இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். நேரடியாக மாட்டியும் திக்குகிறது என்றால் லைனைப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய 3 எண்கள்

பெரும்பாலான கேபிள் மோடங்களில், பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் மோடத்தின் நிலவரப் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் கஸ்டமர் கேரில் கேட்டால் அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியும்.

* டவுன்ஸ்ட்ரீம் பவர்: வீட்டுக்குள் வரும் சிக்னலின் பலம். மைனஸ் 7 முதல் பிளஸ் 7 டிபிஎம்வி வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 15, பிளஸ் 15 என்பவை எல்லைக்கோடுகள். மைனஸ் என்றாலே கோளாறு என்று பயப்பட வேண்டாம். பூஜ்ஜியம் என்பது ஒரு மில்லிவோல்ட், அவ்வளவுதான். சிக்னல் அளவுக்கு மீறி அதிகமாக இருந்தாலும் மோடம் தடுமாறும்.

* எஸ்.என்.ஆர்: இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதன் அளவு. 33 டெசிபெலுக்கு மேல் இருப்பது நல்லது.

* அப்ஸ்ட்ரீம் பவர்: மோடம் திரும்பப் பேச எவ்வளவு சத்தம் போட வேண்டியிருக்கிறது என்பது. 35 முதல் 49 வரை சரி. 50-ஐத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். வீடியோ காலில் எதிராளியின் குரல் நமக்குக் கேட்க, நம் குரல் மட்டும் அவருக்கு வெட்டி வெட்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்னல் எங்கே காணாமல் போகிறது?

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மூன்று மாடி வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்குள் நுழையும்போது சிக்னல் பிளஸ் 6. கீழே ஒரு இருவழி ஸ்பிளிட்டர்; அது 3.5 டெசிபெலைச் சாப்பிடும். மாடியில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் பிரிக்க நான்குவழி ஸ்பிளிட்டர். அதற்கு 7 போகும். பிறகு 30 மீட்டர் கேபிள். உயர் அலைவரிசையில் அது சுமார் 6 டெசிபெலைக் குறைக்கும்.

மொத்தம் 16.5 டெசிபெல் காலி. மோடத்துக்கு வந்து சேர்வது மைனஸ் 10.5. அதாவது, உள்ளே நுழைந்த சிக்னலில் ஏறக்குறைய 45-ல் ஒரு பங்கு! எல்லைக்கோட்டுக்கு மிச்சம் வெறும் 4.5 டெசிபெல்தான். இந்த நிலையில் மொட்டைமாடி ஜாயின்ட் ஒன்றில் மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் போதும், லைன் விட்டு விட்டு வரும். ‘வெயிலில் நன்றாக வருது, மழை வந்தா போயிடுது’ என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது பல நேரம் இந்த ஜாயின்ட்தான்.

நீங்களே செய்யக்கூடியவை

1. மோடத்திலும் ஸ்பிளிட்டரிலும் உள்ள திருகு கனெக்டர்களைக் கையால் இறுக்குங்கள். நடுக்கம்பி கறுத்தோ வளைந்தோ இருந்தால் கனெக்டரை மாற்றச் சொல்லுங்கள். சில பத்து ரூபாய் வேலைதான்.

2. சோதனைக்காக ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு, வரும் ஒயரை நேராக மோடத்தில் மாட்டிப் பாருங்கள். எண்கள் சட்டென மேலேறினால் குற்றவாளி சிக்கிவிட்டார்.

3. ஸ்பிளிட்டர் தேவைதான் என்றால், அதன் மேல் ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிவிக்கு மட்டுமான பழைய வகை, மோடம் திரும்பிப் பேசும் குறைந்த அலைவரிசையை விடாது. மோடத்துக்கு முதல் இருவழி ஸ்பிளிட்டரிலிருந்தே தனி லைன் கொடுத்து, டிவிகளை அடுத்த ஸ்பிளிட்டரில் சேர்ப்பது நல்லது. காலியாக உள்ள முனையில் 75 ஓம் மூடி போடுங்கள்.

4. டிவி பூஸ்டர் வாங்கி மாட்டாதீர்கள். பல பூஸ்டர்கள் ஒருவழிப் பாதை. உள்ளே வருவதைப் பெரிதாக்கி, வெளியே போவதை அடைத்துவிடும். இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கை வைக்கக் கூடாதவை

கம்பத்தில் ஏற வேண்டாம். கேபிள் ஒயர்கள் பல இடங்களில் மின்கம்பத்திலேயே இழுக்கப்பட்டிருக்கின்றன. தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்கு அந்த கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும். கோடை மழையில் இடி இடிக்கும்போது, ஒயரைக் கழற்றப் போகாதீர்கள். வானம் கறுக்கும்போதே மோடத்தின் பவர் பிளக்கையும் கேபிளையும் எடுத்துவிடுவது பாதுகாப்பு.

ஃபைபர் வீடுகளுக்கு...

இங்கே கணக்கு வேறு. ஓ.என்.டி. பெட்டியில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 25-ஐ நெருங்கினாலே சொல்லிவைப்பது நல்லது. ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. கதவிடுக்கில் நசுங்கியதா, ஆணி அடித்து மடக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாதிக்கும். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

புகாரை இப்படிச் சொல்லுங்கள்

‘நெட் வரலை’ என்றால் ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதில்தான் வரும். ‘டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 13, அப்ஸ்ட்ரீம் 52. ஸ்பிளிட்டர் இல்லாமல் நேராக மாட்டியும் இதே எண்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். குறை வீட்டுக்கு வெளியேதான் என்பது டெக்னீஷியனுக்கு உடனே புரியும். காலை, மதியம், இரவு என மூன்று வேளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் இன்னும் பலம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், பொது ஸ்பிளிட்டரில் கை வைக்கும் முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து போர்ஷன் டிவியும் அதில்தான் ஓடும்!

மத்திய அரசு 2023-ல் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-ல் இருந்து 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தியது. புகார் செய்யும்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அடுத்த பிளானுக்குப் பணம் கட்டும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். லைன் நன்றாக இருக்கும் நாளில் எடுத்த எண்கள்தான், லைன் படுத்துவிடும் நாளில் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.